கதவின் வெளிப்பக்கம்

எங்கள் வீட்டு உள்ளறைக் கதவின் வெளிப்பக்கம், என் தோள் உயரத்தில், நான்கு ஓட்டைகள் இருக்கின்றன. முன்பு அங்கே ஒரு தாழ்ப்பாள் இருந்தது. ஓசூரில் வாடகைக்கு விடுவதற்கென்றே வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் கதவு என்பது பேருக்குத்தான். இரண்டு மெல்லிய பலகை, நடுவில் காற்று. கடைக்காரர் கொடுத்த ஸ்க்ரூவோ நீளம். நான்கும் கதவைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் முனை நீட்டி நின்றன. தாழ்ப்பாளைக் கழற்றிய பிறகு உள்ளறை ஜன்னலின் வெளிச்சம் அந்த ஓட்டைகள் வழியாக நான்கு பொட்டாக இந்தப் பக்கம் தெரிகிறது. வீட்டுக்காரர் வெள்ளையடிக்க ஆள் அனுப்பியபோது பெயிண்டர் ஓட்டையை அடைக்கப் பட்டியைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்தார். "அதை அடைக்க வேணாங்க, அப்படியே இருக்கட்டும்" என்றேன். "ஏன்ணா, எறும்பு வாடகை குடுக்குதா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

தாழ்ப்பாளைப் போட்டவன் நான். அதைக் கழற்ற வைத்தவர் பாய். இராயக்கோட்டை சாலையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். எல்லாரும் பாய் என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான். அவர் இப்போது இல்லை. அவரைப் பற்றி நான் எழுதுவதற்குக் காரணம், எங்கள் அலமாரியின் மேல் ஒரு புதுத் தாழ்ப்பாள் செய்தித்தாளில் சுற்றியபடி இருக்கிறது. என் மனைவி வாங்கி வந்து வைத்தாள். பக்கத்திலேயே ஸ்க்ரூடிரைவரையும் வைத்திருக்கிறாள். அதைக் கதவில் ஏற்றுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார்; அவர் கடைசியில் என்ன செய்தார் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். உத்தனப்பள்ளிப் பக்கத்தில் தக்காளியும் கோஸும் போட்ட குடும்பம். கிணறு வற்றியதும் ஓசூருக்கு வந்து, கம்பெனி கம்பெனியாகக் காண்ட்ராக்டில் ஓடி, இரும்பை உருக்கி வார்க்கிற ஒரு வார்ப்பட ஆலையில் நிலைத்தேன். பயம் என்னோடு கூடவே பிறந்தது. கேஸ் அடுப்பை மூடினேனா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பேன். போன் அடித்தால் கெட்ட சேதி என்று எண்ணியே எடுப்பேன். "சோறு இல்லாட்டிகூட நீ இருந்துடுவ, பயம் இல்லாட்டி செத்துடுவ" என்பாள் மனைவி. விபத்து, காய்ச்சல், வேலை போவது, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வது என்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பயந்து வைத்திருந்தேன். மகனுக்கு வந்ததற்கு மட்டும் பயந்து வைத்திருக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

அவன் எங்களுக்கு ஒரே பிள்ளை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து, பார்டர் தாண்டி கர்நாடகப் பக்கம் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தான். கம்பெனி ரூமிலேயே தங்கல். வாரம் தவறாமல் போன் பண்ணுகிறவன் பண்ணுவதை நிறுத்தினான். ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். பிறகு தூக்கம் இல்லை, குளியல் இல்லை. ஃபேன் பேசுகிறது என்று நிறுத்தச் சொன்னான். நிறுத்தினால் நின்ற ஃபேன் முறைக்கிறது என்றான். உறவுக்காரர்கள் சொன்ன இடத்துக்கெல்லாம் கூட்டிப்போனோம். கயிறு கட்டினோம், எலுமிச்சம்பழம் சுற்றினோம், பார்டர் தாண்டி ஒரு கோவிலில் ஈரத் துணியோடு உட்காரவைத்தோம். ஒரு காலையில் அவன் பெங்களூர் ரோட்டுக்கு ஓடி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு யாரையோ தடுத்து நிறுத்துகிறவன்போல நின்றான். பிரேக் போட்ட டிரைவர் இறங்கி வந்து அவனை ஓங்கி அறைந்தார். அறைந்த கையாலேயே தன் முகத்தை மூடிக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதார். நான் அந்த டிரைவரின் காலைப் பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறது. என்ன சொன்னேன் என்பது நினைவில்லை.

அன்றே ஹார்டுவேர் கடைக்குப் போனேன். "எந்தக் கதவுக்குங்க?" என்று கேட்டார். "பாத்ரூமுக்கு" என்றேன். மனைவிக்கு ரோஜாப் பூ வளர்க்கிற பசுமைக்குடிலில் பேக்கிங் வேலை. எனக்கு ஷிஃப்ட். இரண்டில் எது நின்றாலும் குடும்பம் நின்றுவிடும். உள்ளே சோறு, தண்ணீர், ஒரு பக்கெட் வைத்துவிட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவோம். முதலில் கதவை இடித்தான். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு இடிப்பதை விட்டுவிட்டான். அதுதான் மோசம். கம்பெனி பஸ் லைன் முனையில் ஹாரன் அடிக்கும்போது மட்டும் உள்ளிருந்து குரல் வரும்: "அப்பா, பஸ் வந்துடுச்சா?" "வந்துடுச்சு கண்ணு." "சரி." அந்தச் 'சரி'யைக் காதில் வைத்துக்கொண்டு உலைக்கு முன்னால் போய் நிற்பேன். கரண்ட் ஒயர் பற்றிக்கொண்டால்? பாம்பு நுழைந்தால்? வழியில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், மனைவிக்கும் ஏதாவது ஆகிவிட்டால், உள்ளே ஒருவன் இருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? உள்ளே இருப்பவனால் திறக்க முடியாது. வெளியே இருப்பவர்கள் உயிரோடு வந்து சேர வேண்டும். இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் நடந்துவிடும் என்று பயம்.

மாதம் ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மனநல டாக்டர் வருகிறார் என்று மனைவியிடம், பசுமைக்குடிலில் கூட வேலை செய்கிறவள் சொன்னாள். கூட்டிப்போனோம். மாத்திரை கொடுத்தார்கள். தூங்கினான். டாக்டரோடு வந்த கவுன்சிலர் மேடம், சின்ன வயசுப் பெண், "வீட்ல எப்படிப் பாத்துக்கறீங்க?" என்று கேட்டார். "நல்லாத்தான் பாத்துக்கறோம் மேடம்" என்று சொல்ல ஆரம்பித்த மனைவி முடிக்கவில்லை, அழுதுவிட்டாள். மேடம் எதுவும் கிண்டிக் கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக் கடைக்குப் போங்க. உங்களை மாதிரி பேஷண்ட் வீட்டுக்காரங்க கூடறாங்க. நான் இருந்தாலும் இல்லாட்டியும் அவங்க கூடுவாங்க" என்றார்.

அப்படித்தான் பாயின் கடைக்குப் போனோம். லேத்தில் கடைந்த இரும்புச் சுருள் ஒரு பக்கம் குன்றாகக் குவிந்திருந்தது. மடங்கிய ஷட்டர், பல் போன சக்கரங்கள், எந்தக் கட்டடத்தில் இருந்து வந்ததோ ஒரு லிஃப்ட் கதவு. கேபிள் சுற்றிவருகிற மர உருளைகளைக் கவிழ்த்து உட்கார இடம் போட்டிருந்தார்கள். பாய் நெட்டையான ஆள். வெள்ளை பனியன், ஓயாத வாய். நாங்கள் போன நேரம் ஒரு லாரிக்காரரோடு தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு எங்களைப் பார்த்து, "வாங்கண்ணா, வாம்மா. இங்க வர்றதெல்லாம் ஒடைஞ்சதுதான், வெக்கப்படாம உக்காருங்க" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியில் அவருடைய மகள் உட்கார்ந்து ஒயரின் மேல்தோலை உரித்துச் செம்பைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். காலேஜ் சேர்ந்த வருடமே நோய் வந்தது என்று பிறகு தெரிந்தது. தாய் இல்லை. பாய் அவளைப் பாப்பா என்பார். அவள் பேசி நான் கேட்டது குறைவு. ஆனால் கூட்டத்தில் யாராவது அழுதால் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள்.

அந்தக் கூட்டத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. அந்த வாரம் வீட்டில் எப்படி இருந்தது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். குந்தாரப்பள்ளிப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா, "இந்த வாரம் ஒரே ஒரு அடிதான் வுட்டான் சாமி, முன்ன மாதிரி இல்ல" என்றார். "உனக்குப் பரவால்லக்கா, எனக்கு ரெண்டு" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் மனைவியும்கூட. அப்படி ஒரு விஷயத்துக்குச் சிரிக்கலாம் என்பதே எங்களுக்குப் புதிது. பாய்க்கு மாத்திரை பற்றியெல்லாம் ஒன்றும் தெரியாது. கேட்டால், "என்கிட்ட கேக்காத, நான் இரும்பு" என்று கவுன்சிலர் மேடத்தைக் கைகாட்டுவார். கோபக்காரர். கூட்டத்துக்குக் குடித்துவிட்டு வந்த ஒரு அப்பாவைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார். மறு வாரம் அதே ஆள் வீட்டுக்குப் போய், வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார்.

என் மகனிடம் அவர் கேட்ட முதல் கேள்வியை மறக்க முடியாது. "தம்பி, உன் காதுல பேசறவங்க எந்த பாஷையில பேசறாங்க?" அவன் காதில் ஏதோ கேட்கிறது என்பதை நாங்கள் வீட்டுக்குள்ளேயே வாய்விட்டுச் சொன்னதில்லை. அவன் தரையைப் பார்த்தபடி, "கன்னடத்துல" என்றான். "ஏன் கன்னடம்? நீ தமிழ்க்காரப் பையனாச்சே?" "தமிழ்ல சொன்னா அம்மாவுக்குப் புரிஞ்சிடும்." மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். என்னென்ன சொல்கிறது, யார் மாதிரிக் குரல் என்றெல்லாம் பாய் கேட்கவில்லை. "அட, கன்னடம் நமக்கு அத்துப்படி. இனிமே வந்தா, மொதல்ல பாய்கிட்ட பேசிட்டு வான்னு அனுப்பு. நான் லாரிக்காரன்கிட்டயே வாய் குடுக்கறவன்" என்றார். என் மகனின் உதடு ஒரு பக்கமாக அசைந்தது. எங்கள் வீட்டில் அதற்குச் சிரிப்பு என்று பெயர் வைத்து ரொம்ப நாள் பேசினோம்.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக உள்ளறைக் கதவின் முன் போய் நின்றார். தாழ்ப்பாளை விரலால் தடவினார். திட்டுவார் என்று ஒடுங்கி நின்றேன். "என் வூட்லயும் இருந்துச்சுண்ணா. இதவிடப் பெருசு" என்றார். பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து என் மகன் கையில் கொடுத்தார். "ஃபிட்டர்தானே? கழட்டு." அவன் கதவைச் சாத்தித் திறந்து இரண்டு பக்கமும் பார்த்தான். "அப்பா, ஸ்க்ரூவைக் கோணலா ஏத்தியிருக்க. முனை உள்ள நீட்டிக்கினு இருக்குது" என்றான். ஆள்காட்டி விரலைக் காட்டினான். பழைய கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறிக் கிடந்தன. இருட்டில் அந்த முனைகளைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பானாம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் வேலை தெரிந்தவனாக என்னிடம் பேசிய பேச்சு அது. குறை சொல்கிற பேச்சு. அவ்வளவு நன்றாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாழ்ப்பாளைக் கடைக்குக் கொண்டுபோனோம். பாய் அதை எல்லாரும் பார்க்கத் தராசில் வைத்துவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். பேரீச்சம்பழம். அவருடைய அப்பா தள்ளுவண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவராம். மகன் காலத்தில் அந்தப் பழக்கம் இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் மிச்சம் இருந்தது. வீட்டுக் கதவின் வெளிப்பக்கத்திலிருந்து எதைக் கழற்றிக் கொண்டுவந்தாலும் பாய் நிறுத்துப் பழம் கொடுப்பார். தாழ்ப்பாள் வந்தது, பூட்டு வந்தது. ஒரு அம்மா முந்தானையில் மறைத்து ஒரு சங்கிலியைக் கொண்டுவந்தார். பாய் அதைத் தராசில் வைக்கவே இல்லை. டப்பாவை அப்படியே அந்த அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் பீடி பற்றவைத்தார்.

"பூட்டு இல்லாம எப்படி பாய்? நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க" என்று கேட்டேன். "பூட்டுக்குப் பதிலா ஆளு. ஓசூர்ல ஆளுக்கா பஞ்சம்?" என்றார். ஒருத்தருக்கு ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் இன்னொருத்தருக்குத் தொடங்குகிறது. ஒரு கம்பெனிக்கு வார லீவு ஞாயிறு, இன்னொன்றுக்கு வேறு நாள். யாராவது ஒருவர் எப்போதும் சும்மா இருப்பார். அவர் போய் உட்கார்ந்தால் போதும். "போய் இன்னா பண்றது?" "ஒண்ணும் பண்ணாத. வெங்காயம் உரி, பேப்பர் படி, தூக்கம் வந்தா தூங்கு. கதவு தொறந்திருக்கணும், அவ்ளோதான்." நானும் மற்ற வீடுகளுக்குப் போய் உட்கார்ந்தேன். வேறு ஒருவருடைய பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் பயம் குறைவாக இருந்ததைக் கவனித்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. என் பிள்ளைக்கு நான் கொடுக்க முடியாத அமைதியை யாரோ ஒருத்தர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் யாரோ கொடுத்துவிட்டுப் போனார்கள். மகன் காலையில் பாயின் கடைக்குப் போக ஆரம்பித்தான். அவன் பழைய மோட்டாரைப் பிரித்துக் கொடுப்பான், பாப்பா அதிலிருந்து செம்புக் கம்பியைச் சுற்றி எடுப்பாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ பேச்சு போலவே இருக்கும்.

ஓசூரில் ஒரு சட்டம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரிலீவர் வராமல் மெஷினை விட்டு நகரக் கூடாது. அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து கை மாற்றிக்கொண்டால்தான் நாம் பஸ் ஏறலாம். மெஷினுக்கு வைத்த அந்தச் சட்டத்தை நாங்கள் பிள்ளைகளுக்கு வைக்க மறந்துபோனோம். அன்று எனக்கு ரிலீவர் வரவில்லை. நான் உலையடியில் நின்றேன். பூ சீசன் என்பதால் மனைவியைக் குடிலில் விடவில்லை. நான் வராததால் எங்கள் வீட்டில் என் மகனோடு உட்கார்ந்திருந்த பாய் தன் நேரம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. அங்கே பாயின் வீட்டில் பாப்பாவோடு இருந்த பெண், கம்பெனி பஸ் ஹாரன் அடித்ததும், பாய்தான் வந்துகொண்டிருப்பாரே என்று கிளம்பிவிட்டாள். நடுவில் கொஞ்ச நேரம். அவ்வளவுதான். பாய் வீட்டுக்குப் போனபோது கதவு திறந்திருந்தது. அவர் சொன்னபடியே.

பஸ் ஸ்டாண்டில் பாப்பா பெங்களூர் பஸ்ஸில் ஏறியதை ஒரு பூக்காரம்மா பார்த்திருந்தார். போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் பாயும் அலைந்தோம். அத்திப்பள்ளி, ஆனேக்கல், பெங்களூர் மார்க்கெட், ரயில்வே ஸ்டேஷன், தர்கா. இந்தப் பக்கம் போலீஸில் புகார் கொடுத்தால் அந்தப் பக்கம் போகச் சொன்னார்கள். அந்தப் பக்கம் போனால் எந்த ஊரோ அங்கே கொடு என்றார்கள். மூன்று பாஷையில் சண்டை போடுகிற பாய் எந்த பாஷையிலும் குரலை உயர்த்தவில்லை. "எம் பொண்ணுங்க, சார். அதிகம் பேசாதுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அலைந்த அத்தனை நாளில், அன்று எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்ததை அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வாரங்கள் கழித்து, பார்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்கள் காப்பகத்தில் பாப்பா கிடைத்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மணிக்கட்டில் காய்ந்த புண். என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். சில நாள் கழித்து என் மகன் வேலையிலிருந்து வந்து, சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான். "பாய் வீட்ல தாழ்ப்பா போட்டிருக்காருப்பா. வெளிப்பக்கம். பூட்டும் போட்டிருக்காரு" என்றான்.

நான் போனேன். போயிருக்க வேண்டாம். பாய் என்னை உட்காரச் சொல்லவில்லை. "அண்ணா, ஒண்ணும் சொல்லாதீங்க. இத்தன நாளா நான் பேசுனது பூரா எனக்கு ஞாபகம் இருக்குது" என்றார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சில வாரம் நடந்தது. பாய் ஓரத்தில் உட்கார்ந்து இரும்பையே பார்த்துக்கொண்டிருப்பார். கவுன்சிலர் மேடம் வந்து பேசிப்பார்த்தார். பிறகு மேடத்தின் காண்ட்ராக்டும் முடிந்தது. புதிதாக யாரும் வரவில்லை. என் மகன் மட்டும் கடை வேலை முடிந்ததும் பாயின் வீட்டுக்குப் போய் அந்தப் பூட்டிய கதவின் முன்னால் தரையில் உட்காருவான். "பாப்பா, இன்னிக்கு ஒரு மோட்டார் வந்துச்சு. அஞ்சு ஹெச்.பி. உள்ள பூரா எலி கூடு" என்று ஏதாவது சொல்வான். பாய் அவனைப் போகச் சொல்லவும் மாட்டார், கதவைத் திறக்கவும் மாட்டார்.

பாய் ஒரு நாள் முற்பகலில், கடையில் லோடு ஏற்றிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சரக்கு ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மகன் போன் பண்ணினான், நான் ஓடினேன். நான் போவதற்குள் முடிந்திருந்தது. கூட்டத்துக்கு வந்த குடும்பங்கள், கடை ஆட்கள், பள்ளிவாசல்காரர்கள், அவரிடம் திட்டு வாங்கிய லாரிக்காரர்கள் என்று வராந்தா நிறைந்துவிட்டது. கிருஷ்ணகிரியில் இருக்கிற பாயின் மைத்துனருக்கு யார் சொல்வது, எத்தனை மணிக்கு எடுப்பது என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் மகன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். எனக்கு எரிச்சல் வந்தது. "இன்னாடா?" என்றேன். "அப்பா, பாப்பா உள்ள இருக்குது."

அத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எத்தனையோ காலமாக இதே ஒன்றுக்கு அஞ்சி அஞ்சிச் செத்தவன் நான்; எனக்கே தோன்றவில்லை. ஒரு காலத்தில் உள்ளே இருந்தவனுக்குத்தான் தோன்றியது. சாவி பாயின் சட்டைப் பையில் இருக்கும் என்று நான் நர்ஸைத் தேடினேன். "சாவி எதுக்குப்பா? ஸ்க்ரூ வெளிய தானே இருக்குது" என்று சொல்லிவிட்டு அவன் வெயிலில் ஓடினான். நான் பின்னால் ஓடிப் போய்ச் சேரும்போது, பூட்டு தொங்கத் தொங்கத் தாழ்ப்பாள் முழுதாகக் கழன்று அவன் கையில் இருந்தது. கதவு திறந்தது. பாப்பா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கதவைத் தட்டியிருக்கவில்லை, கத்தியிருக்கவில்லை. எவ்வளவு நேரமானாலும் தட்டியிருக்க மாட்டாள் என்று அந்த உட்காரலிலேயே தெரிந்தது. "அத்தா வரலையா?" என்று கேட்டாள். என் மகன் அவளுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு, உட்கார்ந்துகொண்டான். அவளுடைய அப்பா இனி வரமாட்டார் என்பதை என் மனைவி வந்துதான் சொன்னாள்.

அடக்கம் முடிந்ததும் மைத்துனர் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அவருக்கும் பிள்ளைகள், வேலை, சின்ன வீடு. கார் கிளம்பும்போது என் மகன் ஜன்னலுக்கு அருகில் போய், "மாமா, உங்க வீட்ல கதவு எப்படி இருக்கும்?" என்று கேட்டான். அவருக்குப் புரியவில்லை. "நல்ல கதவுதான் தம்பி" என்றார். அன்றிலிருந்து என் மகன் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறான். சோறு போட்டால் கேட்கிறான், தலை துவட்டினால் கேட்கிறான். "அங்க கதவு எப்படிப்பா இருக்கும்?" நான் ஒரு முறை போன் பண்ணினேன். பாப்பா நன்றாக இருக்கிறாள் என்றார்கள். கதவைப் பற்றி எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

கூட்டத்தை நடத்திப் பார்க்கலாம் என்று நானும் முயன்றேன். கடையை வேறு ஒருவருக்கு விட்டுவிட்டார்கள். பூங்காவில் கூடினோம். எனக்குப் பாய் மாதிரிச் சிரிக்கவைக்கத் தெரியாது. நான் வாய் திறந்தால் என் பயம்தான் வெளியே வருகிறது. வந்தவர்கள் குறைந்து குறைந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அந்தச் சங்கிலி அம்மாவும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தோம். கூட வந்து உட்கார ஆள் இல்லை. மகன் மாத்திரையைத் துப்புகிறான். குரல்கள் திரும்ப வந்துவிட்டன. இப்போது எந்த பாஷை என்று கேட்டேன். "தமிழ்தான்" என்றான். அம்மாவுக்குப் புரியாதா என்று நான் கேட்கவில்லை. போன வாரம் லைனுக்கு வெளியே போய் மெயின் ரோட்டின் ஓரத்தில் நின்றிருக்கிறான். கைகளை விரிக்கவில்லை. நின்றான், அவ்வளவுதான் என்று பார்த்தவர் சொன்னார். அதற்கு மறுநாள்தான் மனைவி தாழ்ப்பாள் வாங்கி வந்தாள். அவளை நான் என்ன சொல்ல முடியும்? "ரோட்ல அள்ளிப் போடறதுக்குப் பதிலா உள்ள இருக்கட்டும்" என்றாள். அவள் அழவில்லை. அவளுக்கு அழுகை தீர்ந்துவிட்டது. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருக்கிறது.

இன்று எனக்கு மதிய ஷிஃப்ட். மனைவி காலையிலேயே குடிலுக்குப் போய்விட்டாள். மகன் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தான். அலமாரி மேலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். ஸ்க்ரூக்களைக் கையில் கொட்டிப் பார்த்தேன். இந்த முறை சின்னதாக, கதவைத் துளைக்காத அளவாகப் பார்த்து வாங்கியிருக்கிறாள். அவன் விரல் கிழியக் கூடாது என்று. கதவின் வெளிப்பக்கம் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். லைன் முனையில் பஸ் ஹாரன் அடித்தது. இன்னொரு முறை அடித்தது. மூன்று ஷிஃப்ட்டுக்கும் ஆள் மாற்றுகிற ஊரில் எனக்கு ரிலீவர் யாரும் இல்லை. எனக்குப் பிறகு இவனுக்கு யார் என்று பாய்க்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பஸ் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றுவிட்டுக் கிளம்பியது.

"அப்பா, பஸ் வந்துடுச்சா?"

"போயிடுச்சுடா."

பிறகு, "நீ போகலையா?" என்றான்.

"இல்ல."

"சரி."

நாளைக்கும் ஷிஃப்ட் இருக்கிறது. நாளைக்கும் பஸ் வரும். பொட்டலம் என் மடியில் பிரிந்து கிடந்தது. தலையைத் திருப்பி மேலே பார்த்தேன். நான்கு ஓட்டைகளிலும் வெளிச்சம் தெரிந்தது. அது தெரிகிற வரை அவன் கதவருகில் இல்லை என்று எனக்குக் கணக்கு. பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே காலடி வந்தது. ஒரு ஓட்டை இருண்டது, இன்னொன்று இருண்டது, பிறகு நான்கும். அவன் அந்தப் பக்கம் கதவில் சாய்ந்து நிற்கிறான். மெல்லிய பலகை என் முதுகில் ஒரு முறை அசைந்து நின்றது.